மண்டபத்து வீடு

மண்டபம் முகாம் அக்கரைக்குப் போகிறவர்களுக்காக ஏற்பட்டது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள்கட்டிக்கொண்டு போன காலத்தில், கப்பலேறும் முன் சனங்களைச் சில நாள் நிறுத்திவைத்து, நோய்நொடி பார்த்து, அம்மை குத்தி அனுப்புவதற்காக இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து ரயில் தனுஷ்கோடிவரை போகத் தொடங்கிய பிறகு, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கத்து மக்கள் திரள்திரளாக இந்த வழியே போனார்கள். 1939-இல் இந்திய அரசு தோட்டக் கூலிக்கு ஆள் போவதைத் தடை செய்தது.

கால் நூற்றாண்டு கழித்து, 1964 அக்டோபர் 30 அன்று, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1948-இன் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன, அந்தத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த மிச்சத்தையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களில் மிகப் பலருக்கு இந்தியாவில் கிடைத்த முதல் கூரை, தங்கள் பாட்டன் பூட்டன் ஊசி குத்திக்கொண்டு காத்துக்கிடந்த அதே மண்டபம் முகாம்தான்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் குடும்பமும் அங்கே வந்து சேர்ந்தது. அப்பா, அம்மா, அப்பாயி, அண்ணன், நான். எனக்கு அப்போது விவரம் தெரிந்தும் தெரியாத வயது. அக்கா வரவில்லை. அவளைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மாமனார் வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்கள். இரண்டு நாட்டுத் தலைவர்கள் பிரித்த கணக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தபோது இப்படித்தான் விழுந்தது: அப்பாவும் அம்மாவும் ஒரு பக்கம், மூத்த மகள் இன்னொரு பக்கம். ஹட்டன் ரயில் நிலையத்தில் கோச்சி நகர்ந்தபோது எழுந்த அழுகைச் சத்தம் நாவலப்பிட்டி தாண்டியும் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று அண்ணன் சொல்வான். எனக்கு அந்தச் சத்தம் நினைவில் இல்லை. மண்டபம்தான் நினைவில் இருக்கிறது. தரை, சுவர், கதவு, சன்னல் வழியே வரும் உப்புக் காற்று என்று அந்த வீட்டின் ஒவ்வொரு பகுதியும் நினைவில் இருக்கிறது. பிறந்து வளர்ந்த, தோட்டத்து வரிசை வீடான லயக்காம்பிராவைவிடவும், பிறகு நெடுங்காலம் இருந்த நீலகிரி வீட்டைவிடவும் தெளிவாக.

சில நாள் தங்கிய ஓர் அறை ஏன் இப்படித் தங்கிவிட்டது என்ற கேள்வியோடு நான் வெகுகாலமாக இருக்கிறேன்.

*

முதல் காரணம், அங்கேதான் நான் என் அம்மாவைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

தோட்டத்தில் விடிவதற்கு முன்பே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். அம்மா இருட்டோடு எழுந்து ரொட்டி தட்டி, தேங்காய்ச் சம்பல் இருந்தால் வைத்து, இல்லாவிட்டால் வெறும் சாயத்தண்ணியோடு எங்களுக்குக் கொடுத்துவிட்டு, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கைக்குழந்தைகள் பிள்ளை மடுவத்துக்குப் போகும். நாங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பிலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் வளர்வோம். கொழுந்து நிறுத்துப் பேர் போட்டுவிட்டு அம்மா திரும்பும்போது மலையில் மங்கல் இறங்கியிருக்கும். அதற்குப் பிறகும் விறகு, தண்ணீர், அடுப்பு. என் சிறுவயதின் அம்மா குப்பிலாம்பு வெளிச்சத்தில் பாதி முகம் தெரிகிற ஒருத்தி.

மண்டபத்தில் பெரட்டு இல்லை. சங்கு ஊதவில்லை. பேர் போட ஆளில்லை. காலையில் கண் விழித்தால் அம்மா அங்கேயே இருந்தாள். வெயில் ஏறிய பிறகும் இருந்தாள். கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்து என் தலையைத் தன் மடியில் சாய்த்து ஈர் உருவினாள். அவள் விரல்களில் கொழுந்துக் கறை ஏறிய வெடிப்புகளை, முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த தழும்புகளை, இடது புருவத்துக்கு மேல் இருந்த சின்ன மச்சத்தை நான் அங்கேதான் பார்த்தேன். அவளுக்குப் பாட்டு வரும் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

அப்பாவும் இருந்தார். கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். பதிவு செய்யும் இடத்துக்கும் அறைக்கும் நடந்தார். கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் தந்த குடும்ப அட்டையை ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அதை எடுத்துப் பார்ப்பார், மறுபடி சுற்றுவார். எங்களை எங்கே அனுப்பப்போகிறார்கள் என்பது அந்த அட்டையில்தான் இருக்கிறது என்று அண்ணன் எனக்குச் சொல்லித் தந்தான்.

அப்பாயி ஒருத்திக்குத்தான் அந்த இடம் பழக்கம். சின்னப் பிள்ளையாக அவள் அக்கரைக்குப் போனது இந்த முகாம் வழியாகத்தான். இறங்கியதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாலாபக்கமும் பார்த்தாள். "ஏ புள்ள, இந்த எடம் எனக்குத் தெரியும். இங்கனதான் எங்கள வரிசையா நிப்பாட்டி அம்மை குத்துனாக. எங்காத்தா கட்டியிருந்த சீலயக் கூட வாங்கி அவிச்சுக் குடுத்தாக" என்றாள். ஏதோ தன் பிறந்த வீட்டைக் காட்டுகிறவளைப் போல அவள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். எந்தப் பக்கம் போனால் கடல், எந்தப் பக்கம் ரயிலடி என்று சரியாகச் சொன்னாள். ஒரு வாழ்க்கை முழுவதும் தேயிலை மலையில் கழிந்த பிறகும், போகிற வழியில் சில நாள் கிடந்த இடத்தை அவள் மறக்கவில்லை. என் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி அப்பாயியிடம் அன்றைக்கே இருந்தது.

*

இன்னொரு காரணம் சோறு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நாங்கள் புறப்படுவதற்கு முந்தைய ஓரிரண்டு வருடங்கள் மலைநாட்டில் பஞ்சக் காலம். 1973, 74-இல் மாவும் அரிசியும் கடைகளில் அருகின. கூப்பன் அரிசி குறைந்தது. தோட்டச் சனம் மரவள்ளிக் கிழங்கையும் காட்டுக் கீரையையும் அவித்துத் தின்றது. பசியால் செத்தவர்கள் எங்கள் தோட்டத்துக்குள்ளேயே உண்டு. இந்தியாவுக்கு மனுப் போட்ட பலர் ஒப்பந்தத்தைப் படித்துப் போடவில்லை. பசி போட வைத்தது. தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்ட நேரமும் அதுதான். இனி வேலை இருக்குமா, இருந்தால் யாருக்கு என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

மண்டபத்தில் அம்மா சோறாக்கினாள். குழம்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பருப்புத் தண்ணியும் ஒரு துண்டுக் கருவாடும்தான். காற்று எப்போதும் மணலை வாரிக்கொண்டு வந்ததால் சோற்றில் பல்லுக்குப் பல் மணல் நறநறக்கும். வயிறு நிறைந்து, இனிமேல் வேண்டாம் என்று நான் தட்டைத் தள்ளினேன். தள்ளியதற்கு அம்மா ஏசவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெயிலும் புதிது. மலைக்குளிருக்குப் பழகிய உடம்பு வேர்க்குருவால் சிவந்தது. கம்பளிகளைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டோம். வீட்டுக்குப் பின்னால் சரிந்து ஏறும் மலை இல்லாதது அப்பாவுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. எங்கே பார்த்தாலும் வெளி தட்டையாகக் கிடக்கிறதே என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் பனையும் உடைமரமும் நிற்கிற ஒரு மண்நாக்கு. ராத்திரியில் சத்தம் இரண்டு பக்கமிருந்தும் வரும். நான் அதைக் கேட்டுக்கொண்டு தூங்கினேன். அவர் தூங்கவில்லை என்று பிறகு அம்மா சொன்னாள்.

அக்கம்பக்கத்து அறைகளில் பதுளைக்காரர்கள், இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரர்கள், மாத்தளைக்காரர்கள் இருந்தார்கள். ஓர் அடுப்பு நெருப்பில் இரண்டு வீட்டுக்குச் சமைத்தார்கள். பொழுது சாய்ந்ததும் பெண்கள் வெளியே மணலில் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யாருக்கு யார் உறவு என்று நூல் பிடித்துக்கொண்டு போவார்கள். எப்படியும் ஓர் இடத்தில் நூல் சேர்ந்துவிடும். "அப்ப நீங்க எனக்கு மதினி முறை" என்று யாராவது சொல்வார்கள். அன்றிலிருந்து அவர்கள் மதினிதான். ஓரிரு நாளில் அந்த மதினி கன்னியாகுமரி ரப்பர் தோட்டத்துக்கோ, ஏதோ ஒரு நூற்பாலைக்கோ, கடனுதவியை நம்பி புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்கோ போய்விடுவாள். 1968-இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பலரை மறுபடியும் தேயிலைக்கே கொண்டுபோனது. தாயகம் திரும்பியோருக்கென்று 1969-இல் ரெப்கோ வங்கி வந்தது. திட்டங்கள் இருந்தன. ஆனால் ஒரே தோட்டத்திலிருந்து, ஒரே லயத்திலிருந்து வந்தவர்களை ஒன்றாக வைத்திருக்க ஒரு திட்டமும் இல்லை. அடுத்த அறைப் பிள்ளைகளோடு நான் சிப்பி பொறுக்கி விளையாடினேன். ஒரு காலையில் அந்த அறை கூட்டிப் பெருக்கிக் கிடந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

*

பிரெஞ்சுத் தத்துவவாதி காஸ்தோன் பஷ்லார் 1957-இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலில், பிறந்த வீடு நம் உடம்பிலேயே பதிந்துவிடுகிறது என்ற எண்ணத்தை விரித்து எழுதினார். அவர் மனத்தில் இருந்த வீட்டுக்கு நிலவறை உண்டு. மேலே பரண் உண்டு. பரம்பரையாகக் கைமாறி வரும் மரச்சாமான்கள் உண்டு. அந்த நூலை வாசித்தபோது அவர் சொல்வது உண்மை என்று எனக்குப் பட்டது. கூடவே, அது எங்களுக்கு எந்த வீட்டில் பொருந்தும் என்ற கேள்வியும் எழுந்தது.

லயத்தை நாங்கள் நிரந்தரம் என்று நினைத்திருந்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, தகரக் கூரை, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை. முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் கொண்டுவந்த கூலிகளைத் தங்கவைக்கப் போட்ட கொட்டகைதான் அது. நூறு வருடங்களுக்கு மேல் அதில் பிறந்தோம், சமைந்தோம், செத்தோம். ஒரு சுவரும் எங்களுக்குச் சொந்தமில்லை. தோட்டத்தில் பேர் வெட்டினால் காம்பிராவை விட வேண்டும். தாத்தா வைத்த பலாமரம் தோட்டத்து மரம். அப்பாயி போட்ட கீரைப்பாத்தி தோட்டத்து மண்.

நீலகிரியில் அமைந்த வீடும் வேலையோடு வந்த வீடுதான். அப்பா ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். ஆக, ஒரு தற்காலிகத்திலிருந்து புறப்பட்டு, இன்னொன்றில் சில நாள் தங்கி, மூன்றாவது ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். இந்த மூன்றில் தன் பெயரை ஒளிக்காமல் சொன்னது மண்டபம் மட்டும். சில நாளைக்கு இங்கே இருங்கள், பிறகு போய்விடுங்கள் என்று அது முதல் நாளே சொன்னது. மற்ற இரண்டும் சொல்லவில்லை.

அப்பா கடைசிவரை மண்டபத்தைப் பற்றிப் பேசியதில்லை. நான் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் சொல்கிற சோறும் கடலும் அம்மாவின் மடியும் அவருக்கு வேறொன்றாக இருந்திருக்கின்றன. அந்த அறையில் அவர் கையில் இருந்த பணத்தை எண்ணியிருக்கிறார். குடும்பங்கள் கொண்டுவந்த தேயிலைத்தூளையும் சவுக்காரத்தையும் வானொலிப்பெட்டியையும் அடிமாட்டு விலைக்குக் கேட்ட தரகர்களிடம் பேரம் பேசியிருக்கிறார். தெரிந்த ஒரே வேலை தேயிலையாக இருக்க, அது கிடைக்காவிட்டால் பிள்ளைகளை எதைக் கொண்டு வளர்ப்பது என்று இருட்டில் யோசித்திருக்கிறார். மூத்த மகளை இனிமேல் பார்ப்போமா என்று நினைத்திருக்கிறார். பார்க்கவில்லை. 1984-இல் போரால் கப்பல் நின்றது. அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவில் கடிதம் மட்டும் மிஞ்சியது. பின்னாளில் இந்திய உதவியோடு மலையகத்தில் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்று, ஏழு பேர்ச்சஸ் நிலத்தோடு, அக்காவின் குடும்பத்துக்குக் கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது அப்பா இல்லை.

ஒரே அறையில், ஒரே நாட்களில், நான் நிறைந்தேன், அவர் சிதைந்தார். என் நிறைவு பொய்யில்லை. அவர் அச்சத்தை எங்களிடம் காட்டாமல் தன்னோடு வைத்துக்கொண்டதால்தான் எனக்கு அது வாய்த்தது. அம்மா பாடியதும் அந்த அச்சத்தை மறைக்கத்தான் இருக்க வேண்டும். எதுவும் நிச்சயமில்லாத ஓர் இடத்தில், பெரியவர்கள் ஒரு குழந்தையைச் சுற்றி ஒரு வீட்டை எழுப்பிக் காட்டினார்கள். அம்மா காலையில் வாசல் தெளித்தாள். மணலில் கோலம் நிற்காது என்று தெரிந்தும் இழுத்தாள். அப்பாயி அறையின் மூலையொன்றில் மாரியம்மன் படத்தைச் சாய்த்து, இது சாமி மூலை, கால் நீட்டாதே என்றாள். அண்ணன் தன் புத்தகங்களைச் சன்னல் திட்டில் அடுக்கினான். என்னை வளர்த்த வீடு அந்தக் காரியங்களால் ஆனது. சுவரை இலங்கை அரசாங்கம் கட்டியதா, இந்திய அரசாங்கம் பராமரித்ததா என்பது அதற்குப் பிறகுதான்.

*

இதை ஒரு குடும்பக் கதையாக மட்டும் நான் எழுதவில்லை. 1983-க்குப் பிறகு, போருக்குத் தப்பியவர்கள் மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். அலை அலையாக வந்தார்கள். அங்கிருந்து தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலுள்ள நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தற்காலிகம் என்று தொடங்கிய அந்த முகாம்களில் பிறந்தவர்கள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவர்களில் மலையக வேர் உள்ளவர்களும் கணிசம். 1964-இன் கணக்கில் விடுபட்டு, வன்னிக்குப் போய், அங்கிருந்தும் விரட்டப்பட்டு வந்தவர்கள். 2019-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பழுதடைந்த வீடுகளுக்குப் பதிலாகப் புது வீடுகள் கட்டவும் தொடங்கியது. 2022-இல் இலங்கையின் பொருளாதாரம் விழுந்தபோது மறுபடியும் படகுகள் வந்தன. மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவர்களோடு பிள்ளைகளும் இருந்தார்கள்.

முகாம்களைத் திட்டமிடுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்: சில நாளைக்குத்தானே, இது போதும். கதவுக்குத் தாழ் வேண்டாம், இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரு சேலை மறைப்பு போதும், கழிப்பறை தூரத்தில் இருந்தால் என்ன, ஒரு விளக்கு போதாதா. பெரியவர்கள் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டு பல்லைக் கடித்து நாளைத் தள்ளுவார்கள். குழந்தைக்கு அந்தக் கணக்கு கிடையாது. அது இன்றைக்கு இருக்கிற இடத்தில் முழுதாக இருக்கிறது. அதன் முதல் கடல், அம்மாவின் முகம், வயிறு நிறைந்த முதல் சோறு எல்லாம் அங்கேயே நடந்துவிடுகின்றன. அந்தச் சில நாள் வீட்டைத் தன் ஆயுசுக்கும் அது சுமக்கும். அப்பாயி சுமந்தாள். நான் சுமக்கிறேன்.

ஆகவே, சில நாளுக்கு என்று கட்டுகிற ஒவ்வோர் அறையையும் ஆயுள் முழுக்க நினைவில் நிற்கப்போகிற வீடு என்று எண்ணிக் கட்ட வேண்டும். உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு, பக்கத்திலேயே தண்ணீர், புத்தகம் அடுக்க ஒரு திட்டு, குடும்பம் பிரியாமல் படுக்க இடம், கூட வந்தவர்களைச் சிதறடிக்காத ஒரு பட்டியல். இவ்வளவும் ஓர் அரசாங்கத்தால் முடிகிற காரியம். எங்கள் காலத்தில் இவற்றில் பலவும் இல்லாத குறையை அம்மாவும் அப்பாவும் தங்கள் உடம்பால் நிரப்பினார்கள். இன்றைக்கு மண்டபத்தில் இறங்குகிற தாய் தகப்பன்மாரும் அப்படியே நிரப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள் என்பதற்காக நாம் குறையை விட்டுவைக்கக் கூடாது.